ருஷ்ய நாடகத்தில் எனக்குக் கிடைத்த இருபது ரூபாய்

நாடகத்தில் எனக்குப் பதினோரு வசனம். அதில் பத்து, "சரிங்க ஐயா", "வண்டி வந்துடுச்சுங்க ஐயா" என்கிற அளவில்தான் இருந்தன. பதினோராவது மட்டும் நீளமானது. அந்த ஒன்றுக்காகத்தான் நான் நடிக்க ஒப்புக்கொண்டேன். அதைச் சொன்ன பிறகு நடந்ததை இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. எனக்கு வாயால் சொல்ல வராது. எழுதினால் ஒருவேளை வரும் என்று நினைத்து உட்கார்ந்திருக்கிறேன்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு ரோலிங் மில்லில் இருபத்து நான்கு வருடமாக வேலை செய்கிறேன். சிவக்கச் சிவக்க ஓடிவரும் கம்பியை அளவு பார்த்து வெட்டும் மெஷின் என்னுடையது. அந்தச் சத்தத்தில் யாரும் யாரிடமும் பேச முடியாது. கையைத் தூக்கினால் நிறுத்து, விரலைச் சுற்றினால் ஓட்டு, அவ்வளவுதான் பாஷை. பன்னிரண்டாவது முடித்துவிட்டு எங்கெங்கோ வேலைக்கு அலைந்தபோது இந்த இடம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. வாயைத் திறக்காமல் சம்பளம் வாங்கலாம்.

கல்யாணம் ஆகவில்லை. இருபத்தொன்பதாம் வயதில் திருப்பாச்சூரில் ஒரு வீட்டுக்குப் பெண் பார்க்கப் போனோம். பெண்ணோடு தனியாகப் பேசச் சொல்லி மாடிக்கு அனுப்பினார்கள். கால்மணி நேரம் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு இறங்கி வந்தேன். மறுநாள் அவர்கள் வீட்டிலிருந்து என் அக்காவுக்கு போன். "மாப்பிள்ளைக்கு வாய் பேச வராதுன்னு முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல." அதற்குப் பிறகு இரண்டு இடம் பார்த்தார்கள். பிறகு யாரும் பார்க்கவில்லை. இப்போது எனக்கு நாற்பத்தேழு வயது.

எங்கள் மில்லில் கேன்டீன் திறந்து ஒன்பது வருடம் ஆகிறது. திறந்த முதல் நாளே அவர் அங்கே டீ போடும் வேலைக்கு வந்தார். கவரைப்பேட்டைப் பக்கத்திலிருந்து ரயிலில் வருவார். கணவர் இல்லை. அப்போது இரண்டாம் வகுப்பு படித்த ஒரே மகள் இப்போது பிளஸ் ஒன் படிக்கிறாள். காலையில் நாஷ்டா, பத்து மணிக்கு டீ, மூன்றரைக்கு டீ. அந்த இரண்டு டீயும் ஒன்பது வருடமாக அவர் கையால் வாங்கிக் குடிக்கிறேன்.

கேன்டீனில் அவர் எல்லா ஆண்களையும் அண்ணே என்றுதான் கூப்பிடுவார். வயதில் சின்னவனையும் அண்ணே என்பார். சூப்பர்வைசரை "சார் அண்ணே" என்று கூப்பிட்டுவிட்டுத் தானே சிரித்துவிட்டார். என்னை மட்டும் அப்படிக் கூப்பிட்டதில்லை. "இன்னாங்க, சக்கரை போதுமா?" அவ்வளவுதான். முதல் வருடம் நான் இதைக் கவனிக்கவில்லை. இரண்டாவது வருடம் கவனித்தேன். மூன்றாவது வருடத்திலிருந்து, காலையில் முகம் கழுவும்போது, இன்றைக்கும் அண்ணே என்று கூப்பிடாமல் இருக்க வேண்டுமே என்று நினைத்துக்கொண்டுதான் வேலைக்குக் கிளம்புவேன். கூப்பிடாத ஒவ்வொரு நாளும் எனக்குச் சேர்ந்துகொண்டே போனது. இதைத்தவிர எங்களுக்குள் வேறொன்றும் கிடையாது. ஆனால் எனக்கு இது போதுமானதாக இருந்தது.

எங்கள் குடியிருப்புக்குப் பக்கத்தில் ஒரு படிப்பகம் உண்டு. செயலாளர் கடைத்தெருவில் எலக்ட்ரிகல் கடை வைத்திருப்பவர். மைக் செட்டும் வாடகைக்கு விடுவார். வருடம் ஒருமுறை மில்காரர்கள் சேர்ந்து படிப்பகத்துக்காக ஒரு நாடகம் போடுவோம். போடுவோம் என்றால், மற்றவர்கள் நடிப்பார்கள். நான் பெஞ்சு தூக்குவேன். டிக்கெட் கிடையாது. பணம் வேறு வழியில் வரும். எங்கள் பக்கத்தில், நாடகம் நடந்துகொண்டிருக்கும்போதே, யாருடைய நடிப்பாவது பிடித்துவிட்டால், பார்ப்பவர் எழுந்து மேடைக்கு வந்து அந்த நடிகரின் சட்டையில் ஒரு நோட்டை ஊக்கால் குத்துவார். யார் கொடுத்தது, யாருக்காகக் கொடுத்தது என்று மைக்கில் சொல்வார்கள். நடிகர் வசனத்தை நிறுத்தி, நோட்டைக் கண்ணில் ஒற்றி, நன்றி சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். செத்துக் கிடக்கும் வேஷமாக இருந்தாலும் எழுந்து நன்றி சொல்லிவிட்டு மறுபடி படுக்க வேண்டும். கடைசியில் எல்லா நோட்டும் படிப்பகத்துக்கு.

இந்த முறை சென்னையிலிருந்து ஒரு இயக்குநர் வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும் அம்மா. செயலாளருக்கு எப்படியோ பழக்கம். ஞாயிற்றுக்கிழமைகளில் ரயிலேறி வந்து, ஒரு பைசா வாங்காமல் சொல்லிக் கொடுத்தார். படிப்பக அலமாரியில் பழைய ருஷ்யப் புத்தகங்கள் தமிழில் நிறைய இருந்தன. அதிலிருந்து கரையான் விட்டுவைத்த ஒரு நாடகத்தை எடுத்துச் சுருக்கினார். நூறு வருடத்துக்கும் முந்தியது என்றார். பணமும் காதலும் முட்டிக்கொள்ளும் நகைச்சுவை நாடகம்.

கதை சிக்கலில்லாதது. ஒரு பெரிய வியாபாரி. அவர் மகளைக் கேட்டு மூன்று மாப்பிள்ளைகள் வருகிறார்கள். மூவரும் அவளைப் பார்ப்பதைவிட வீட்டைத்தான் அதிகம் பார்க்கிறார்கள். வியாபாரி, தான் திவாலாகிவிட்டதாக ஒரு புரளியைக் கிளப்புகிறார். மாப்பிள்ளைகள் தொப்பியைக்கூட எடுக்காமல் ஓடுகிறார்கள். மிச்சம் இருப்பது வீட்டில் வேலை பார்க்கும் குமாஸ்தா மட்டும். பன்னிரண்டு வருடமாக அந்தப் பெண் கையால் டீ வாங்கிக் குடித்தும் ஒரு வார்த்தை பேசாதவன். வியாபாரி அவனுக்கு ஒரு பணப்பையை நீட்டி, நீயும் போய்விடு என்கிறார். அப்போதுதான் அவன் வாயைத் திறக்கிறான்.

"எனக்குப் பணம் வேண்டாம் ஐயா. பன்னிரண்டு வருஷமா இவங்க கையால டீ வாங்கிக் குடிச்சிருக்கேன். ஒவ்வொரு நாளும் ஒரு வார்த்தை சொல்லணும்னு வருவேன். சொல்லாமலே தம்ளரைத் திருப்பிக் கொடுத்துட்டுப் போவேன். இன்னைக்குச் சொல்றேன். எனக்கு இவங்கதான் வேணும்."

அந்தப் பக்கத்தை இயக்குநர் படித்துக் காட்டியபோது நான் பின்னால் பெஞ்சு அடுக்கிக்கொண்டிருந்தேன். கை நின்றுவிட்டது. குமாஸ்தா வேஷத்துக்கு யார் என்று கேட்டார். எல்லோரும் வியாபாரி வேஷத்துக்கு அடித்துக்கொண்டார்களே தவிர, பேசாத வேஷம் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. என் கூட்டாளி, எங்கள் மில்லில் கிரேன் ஓட்டுபவன், பள்ளிப்பட்டுக்காரன், என்னைக் காட்டினான்.

"மேடம், இவன எட்த்துக்கோங்க. இருவது வருஷமா ஒத்திகை பாத்துக்கினு இருக்கான்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் மறுக்கவில்லை. அதுதான் அன்றைக்கு எல்லோருக்கும் ஆச்சரியம்.

ஒத்திகை எட்டு ஞாயிறு நடந்தது. கூட்டாளிதான் வியாபாரி. ரூபிள் என்று சொல்ல வராமல் கடைசிவரை தெலுங்கில் டப்பு என்றே சொல்லிக்கொண்டிருந்தான். எனக்கு முதல் பத்து வசனமும் வந்துவிட்டன. பதினோராவதைத் தொடங்கினால் "எனக்குப் பணம்" என்பதோடு நின்றுவிடுவேன். இயக்குநர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

"கூட்டத்தைப் பார்க்காதீங்க. நாம நாடகம் போடப்போற கல்யாண மண்டபத்துல வாசலுக்கு மேல ஒரு கடிகாரம் இருக்கு. வசனம் முழுக்க அதைப் பார்த்தே சொல்லுங்க. பார்க்கிறவங்களுக்கு நீங்க தூரத்துல எதையோ பார்க்கிற மாதிரி இருக்கும். செய்வீங்களா?"

தலையாட்டினேன்.

மேடையில் வைக்க சமோவார் என்ற ருஷ்ய டீப்பாத்திரம் வேண்டும். இயக்குநர் போனில் படம் காட்டினார். எங்கள் கேன்டீனின் பழைய பித்தளை பாய்லர் அப்படியேதான் இருந்தது. கேட்டு வாங்கும் வேலை எனக்கு வந்தது. மூன்றரை மணி டீ முடிந்து, கூட்டாளியைத் தவிர எல்லோரும் போகும்வரை நின்றேன். பாய்லரைக் காட்டி, "நாடகத்துக்கு" என்றேன்.

"எந்த நாடகம்? படிப்பகத்துதா? பாய்லர் இன்னா வேஷம் கட்டுது?"

பக்கத்தில் இருந்த கூட்டாளி விவரம் சொன்னான். அதோடு விடாமல், பெஞ்சில் ஏறி நின்று என் வசனத்தை என்னைப் போலவே தலையைக் குனிந்து நடித்துக் காட்டினான். பன்னிரண்டு வருஷமா, பன்னிரண்டு வருஷமா என்று இழுத்தான். அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"நீங்க நடிக்கறீங்களா? அப்போ நான் என் பொண்ண இட்டுக்கினு வரணும். பாய்லருக்குச் சேதாரம் இல்லாம பாத்துக்கோங்க."

அன்றிரவு தூங்கவில்லை என்று எழுதினால் அது வழக்கமாக எழுதுவது போலாகிவிடும். நன்றாகத் தூங்கினேன். எனக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்துவிட்டது. ஒன்பது வருடமாக எனக்கு வராத வார்த்தைகளை எவனோ ருஷ்யாக்காரன் எழுதி வைத்திருக்கிறான். அதைச் சொல்ல என்னை மேடை ஏற்றுகிறார்கள். அவர் வந்து எதிரில் உட்காரப் போகிறார். நான் சொல்ல வேண்டியது அவருக்குப் புரிந்துவிடும். மற்றவர்களுக்கு அது நாடகம். இப்படித்தான் கணக்குப் போட்டேன்.

நோட்டுக் குத்துகிற வழக்கத்தைப் பற்றித் தெரிந்ததும் இயக்குநர் பயந்துவிட்டார். நாடகம் நடக்கும்போது ஒருவரும் மேடை ஏறக் கூடாது என்று செயலாளரிடம் கண்டிப்பாகச் சொன்னார்.

"அதெல்லாம் முடிஞ்சப்புறம்தான் மேடம். நான் மைக்லயே சொல்லிடறேன்."

சொல்லவும் செய்தார். நாடகம் தொடங்கும் முன் மைக்கில், "இது ருஷ்ய நாடகம். எனவே அன்பளிப்பு கொடுப்பவர்கள் தயவுசெய்து கடைசியில் கொடுக்கவும்" என்றார். எங்கள் ஆட்கள் கை தட்டினார்கள்.

ஞாயிறு மாலை நான்கு மணிக்கு நாடகம். ஆறரைக்கு அதே மண்டபத்தில் ஒரு கல்யாண வரவேற்பு இருந்தது. அதனால் மேடையில் ஏற்கெனவே பாதிப் பூ அலங்காரம் செய்திருந்தார்கள். மணமக்கள் பெயரைத் தெர்மாகோலில் வெட்டி ஒட்டியிருந்ததை ஒரு வெள்ளை வேட்டியால் மூடினோம். அவர்கள் வெட்டிப் போட்ட தெர்மாகோல் தூளை வாரி வந்து எங்கள் பனியாக வைத்துக்கொண்டோம். மண்டபத்து ஜன்னல்களுக்குத் திரை இல்லை. இருட்டாக்கவே முடியவில்லை. மேடையில் இருப்பவர்கள் தெரிவது போலவே கீழே இருப்பவர்களும் பளிச்சென்று தெரிந்தார்கள். இயக்குநர் இதை நினைத்து நொந்துபோனார். எனக்கு மட்டும் உள்ளுக்குள் சந்தோஷம்.

என் கோட்டு, கல்யாண பேண்டு வாத்தியம் வாசிப்பவரிடம் வாங்கியது. கறுப்புக் கோட்டு. தோளில் இருந்த ஜரிகையைப் பிரித்துவிட்டுப் போட்டுக்கொண்டேன். கை குட்டையாக இருந்தது.

அவர் நான்காவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மகள். நீலப் புடவை. கேன்டீனில் நைட்டியும் சட்டையுமாகவே பார்த்துப் பழகிய எனக்கு முதலில் அடையாளமே தெரியவில்லை.

முதல் காட்சி ஒழுங்காகப் போனது. இரண்டாவது காட்சியில், மூன்று மாப்பிள்ளைகளையும் கூட்டாளி ஏமாற்றிப் பேசும் இடத்தில், கூட்டம் குலுங்கிச் சிரித்தது. அதற்குமேல் யாராலும் தாங்க முடியவில்லை. எங்கள் மில்லின் ஃபிட்டர் ஒருவர் எழுந்து வந்தார். ஐம்பது ரூபாயை வியாபாரியின் சட்டையில் குத்தினார். செயலாளர் ஒரு நொடி இயக்குநரைப் பார்த்தார். பிறகு பழக்கதோஷத்தில் மைக்கை எடுத்துவிட்டார். அவ்வளவுதான், வரிசை கட்டிவிட்டார்கள். அடுத்த காட்சியில் வியாபாரி, "நான் ஓட்டாண்டி ஆயிட்டேன், எங்கிட்ட ஒரு டப்பு இல்ல" என்று தலையில் அடித்துக்கொண்டு அழும்போது அவன் மார்பெல்லாம் நோட்டு. காற்றாடியில் படபடவென்று அடித்துக்கொண்டது. மாப்பிள்ளைகள் அவனை ஏழை என்று நம்பி ஓட வேண்டும். ஒருவன் ஓடிக்கொண்டே திரும்பிப் பார்த்து, "டேய், இவ்ளோ வெச்சிக்கினு இல்லன்றான்" என்று சொந்தமாகச் சேர்த்துவிட்டான். மண்டபம் அதிர்ந்தது. இயக்குநர் மேடையோரத்தில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். அவர் தோள் குலுங்கியது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை.

பிறகு என் இடம் வந்தது. கூட்டாளி பணப்பையை நீட்டினான்.

"எனக்குப் பணம் வேண்டாம் ஐயா" என்றேன். குரல் வந்துவிட்டது. இவ்வளவு பெரிய குரல் என்னிடம் இருப்பது எனக்கே தெரியாது. வாசலுக்கு மேலே கடிகாரம் ஐந்தேகால் காட்டியது. ஒரு தடவை அதைப் பார்த்தேன். பிறகு நான்காவது வரிசையைப் பார்த்தேன்.

"ஒன்பது வருஷமா இவங்க கையால டீ வாங்கிக் குடிச்சிருக்கேன்."

பன்னிரண்டு என்று சொல்ல வேண்டியது. தவறி வந்துவிட்டது என்று பிறகு கேட்டவர்களிடமெல்லாம் சொன்னேன். தவறி வரவில்லை. அந்த இடத்தில் பன்னிரண்டு என்று சொன்னால் அது பொய்யாகிவிடும் என்று தோன்றியது. கூட்டாளியின் முகம் மாறியிருக்கும். அவனைத் தவிர அங்கே மில்காரர்கள் எழுபது எண்பது பேர் இருந்தார்கள். கேன்டீன் திறந்து எத்தனை வருடம் என்று எல்லோருக்கும் தெரியும். இதெல்லாம் இப்போது யோசிப்பது. அப்போது எனக்கு அவர் முகம் ஒன்றுதான் தெரிந்தது. மிச்சத்தையும் அவரைப் பார்த்தே சொன்னேன். ஒரு எழுத்துக்கூடத் தடுமாறவில்லை.

"இன்னைக்குச் சொல்றேன். எனக்கு இவங்கதான் வேணும்."

வியாபாரியின் மகளாக நடித்த பெண், என் பின்னால் நின்றிருந்தவள், பதில் வசனம் சொல்ல வாயைத் திறந்தாள்.

அப்போது அவர் எழுந்தார். மகள் பக்கம் குனிந்து எதையோ எடுத்தார். வரிசையில் இருந்தவர்களின் முழங்காலைத் தாண்டித் தாண்டி வெளியே வந்து, நேராக மேடைக்கு நடந்து வந்தார். படியேறும்போது புடவையை ஒரு கையால் பிடித்துக்கொண்டார். நான் என்ன நினைத்தேன் என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. வருகிறார் என்று மட்டும் நினைத்தேன்.

பக்கத்தில் வந்ததும் கையில் இருபது ரூபாய் தெரிந்தது. கோட்டின் இடது பக்கத்தில் அதை வைத்து ஊக்கைக் குத்தினார். பேண்டு கோட்டின் துணி தடிமன். ஊக்கு உள்ளே போகவில்லை. இரண்டாவது முறை அழுத்திக் குத்தினார். அவ்வளவு பக்கத்தில் அவரை நான் பார்த்ததேயில்லை. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, ஊக்கையே பார்த்தார்.

செயலாளர் மைக்கைத் தூக்கிக்கொண்டு வந்தார். "இன்னாம்மா சொல்லணும்?"

"அண்ணனுக்குன்னு சொல்லுங்கண்ணே" என்றார். அது மைக்கிலேயே கேட்டது. "எங்க அண்ணனுக்கு."

செயலாளர் தொண்டையைக் கனைத்தார். "அருமை அண்ணன் அவர்களின் நடிப்பைப் பாராட்டி, கேன்டீன் தங்கச்சி அன்போடு அளிக்கும் ரூபாய் இருபது."

கை தட்டினார்கள். பலமாகவே தட்டினார்கள்.

நான் செய்ய வேண்டியதைச் செய்தேன். நோட்டின் நுனியைப் பிடித்துக் கண்ணில் ஒற்றினேன். "நன்றிம்மா" என்றேன். அவர் கும்பிட்டுவிட்டு இறங்கிப் போனார்.

நாடகம் அதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. இன்னும் ஒரு பக்கம் இருந்தது. வியாபாரியின் மகள் முன்னால் வந்து, "இத்தனை வருஷமா ஏன் சொல்லலை? நானும் இதைக் கேட்கத்தான் காத்திருந்தேன்" என்று என் கையைப் பிடிக்க வேண்டும். பிடித்தாள். எங்கள் மேல் பனி கொட்ட வேண்டும். தெர்மாகோலைக் கொட்டினார்கள். விசில் பறந்தது. நான் சிரிக்க வேண்டும் என்று இயக்குநர் எட்டு ஞாயிறு சொல்லிக் கொடுத்திருந்தார். சிரித்தேன்.

முடிந்ததும் செயலாளர் துணிப்பையோடு ஒவ்வொருவரிடமும் வந்தார். கோட்டிலிருந்து இருபது ரூபாயைக் கழற்றிப் போட்டேன். வழக்கம் அதுதான். ஊக்கு மட்டும் கையில் நின்றது. சின்ன ஊக்கு, தலையில் ஒரு வெள்ளை முத்து வைத்தது.

யாரோ செல்போனில் எடுத்த நாடக வீடியோவைக் கூட்டாளி அன்று ஏழு மணிக்கே அனுப்பிவிட்டான். "நைனா, சினிமாக்காரன் தோத்தான்" என்று கீழே எழுதியிருந்தான். வேறொன்றும் எழுதவில்லை. அது பக்கவாட்டில் இருந்து எடுத்தது. மேடையும் தெரிந்தது, கூட்டமும் தெரிந்தது. நான் ஒன்பது என்று சொல்லும் இடத்தில் முன் வரிசைத் தலைகள் ஒவ்வொன்றாகப் பின்னால் திரும்புகின்றன. முதல் வரிசை, இரண்டாவது வரிசை, மூன்றாவது வரிசை. பின்னால் இருப்பவர்கள் எட்டிப் பார்க்கிறார்கள். எல்லோரும் பார்ப்பது அவரை. அவர் அசையாமல் இருக்கிறார். பக்கத்தில் அவர் மகள் தலையைக் குனிகிறாள். குனிந்துகொண்டே போகிறாள், நெற்றி கிட்டத்தட்ட முழங்காலில் படும்வரை. மேடையில் நான் நிறுத்தாமல் பேசிக்கொண்டிருக்கிறேன்.

அந்தப் பெண்ணின் தலையைப் பார்ப்பதற்காகவே மறுபடி மறுபடி போட்டுப் பார்த்தேன்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு முன்பே பாய்லரைத் தூக்கிக்கொண்டு கேன்டீனுக்குப் போனேன். அவர் தனியாகப் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். பாய்லரை வைத்தேன். மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார்.

"உள்ள பனி கெடக்குது."

"கழுவித் தரேன்" என்றேன்.

"வெச்சிட்டுப் போங்கண்ணே. நான் பாத்துக்கறேன்."

போகவில்லை. ஊக்கைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து சமையல் மேடை மேல் வைத்தேன். அதைப் பார்த்துவிட்டு அவர் தேய்ப்பதை நிறுத்தாமலே பேசினார்.

"பன்னண்டுன்னுதானே எழுதியிருக்குது. உங்க கூட்டாளி இங்க பெஞ்சு மேல ஏறி நூறு வாட்டி சொல்லிக் காட்டலையா. எனக்குத் தெரியாதா?"

"தெரியாம வந்துடுச்சு" என்றேன்.

"இருக்கட்டும். மூணு வரிசை திரும்பிப் பாத்துச்சு. என் பொண்ணு பக்கத்துல. எங்க ஊட்டாண்ட இருக்கறவங்க ரெண்டு பேரு பின்னாடி. எழுந்து வெளிய போனா அது ஒரு பேச்சு. உக்காந்துக்கினே இருந்தா அது ஒரு பேச்சு. நான் வேற இன்னா செய்ய, சொல்லுங்க. பர்சுல இருவது ரூபா இருந்துச்சு. ஊக்கு பொண்ணு துப்பட்டாவுல இருந்து கழட்டுனேன்."

"கோவமா?"

"கோவம் இன்னா கோவம். பயந்துட்டேன்."

குழாயைத் திறந்து கையைக் கழுவினார். நான் போய்விட வேண்டும் என்று அவர் நினைப்பது தெரிந்தது. ஆனால் ஒன்று மட்டும் மிச்சம் இருந்தது. நாடகத்தில் பேசிய பழக்கமோ என்னவோ, கேட்டுவிட்டேன்.

"ஒம்போது வருஷத்துல நீங்க என்ன ஒரு நாளும் அண்ணேன்னு கூப்பிட்டதில்லையே."

அவர் நிமிர்ந்து பார்த்தார். நடிப்பில்லை; உண்மையாகவே யோசித்தார்.

"அப்படியா? கூப்பிட்டதே இல்லையா?" சட்டை நுனியில் கையைத் துடைத்துக்கொண்டார். "எனக்குத் தெரியலியே. எல்லாரும் 'தங்கச்சி, டீ குடு'ன்னுவாங்க, நானும் இந்தாண்ணேம்பேன். நீங்க தம்ளர நீட்டுவீங்க, தலையாட்டுவீங்க, பூடுவீங்க. பேசாத ஆள இன்னான்னு கூப்புடறது?"

அவர் குத்தலாகச் சொல்லவில்லை. எனக்கு விளங்க வேண்டும் என்று நிதானமாகத்தான் சொன்னார். ஊக்கை எடுத்துத் தாலி இல்லாத சங்கிலியில் மாட்டிக்கொண்டு, மறுபடி பாத்திரத்தைத் தேய்க்கத் தொடங்கினார். சைரன் ஊதியது. மெஷினுக்குப் போனேன்.

கொஞ்ச நாள் மில்லில் கேலி இருந்தது. "தங்கச்சி வெச்ச டப்பு எங்க நைனா" என்று சிலர் கேட்டார்கள். கூட்டாளி அவர்களைத் திட்டினான். பிறகு அதுவும் அடங்கிவிட்டது. அவருக்கு எந்தக் கெட்ட பெயரும் வரவில்லை. இருபது ரூபாய் அந்த வேலையைச் சரியாகச் செய்துவிட்டது. அது ஒன்றுதான் இந்த விஷயத்தில் நான் நன்றாக நடந்தது என்று சொல்லக்கூடியது. அந்தப் பெண் மட்டும் இப்போதெல்லாம் கேன்டீன் பக்கம் வருவதில்லை. முன்பு பள்ளி விடுமுறையில் அம்மாவோடு வந்து ஒரு மூலையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பாள்.

அந்தச் சென்னை அம்மா மறுபடி வரவில்லை. செயலாளர் அடுத்த வருடத்துக்கு வேறு ருஷ்யப் புத்தகம் தேடிக்கொண்டிருக்கிறார். பெஞ்சு தூக்க வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

பத்து மணிக்கும் மூன்றரைக்கும் வரிசையில் நிற்கிறேன். என் முறை வந்ததும் அவர் தம்ளரை நீட்டுகிறார். ஒரு நாளும் தவறுவதில்லை.

"அண்ணே, சக்கரை போதுமா?"

"போதும்மா" என்கிறேன். இப்போது எனக்குப் பேச வருகிறது.